மருந்து கேட்காத மாதங்கள்

பிப்ரவரி 9

மறுபடியும் நீர்க்கடுப்பு, எரிச்சல். மெடிக்கல் ஷாப் தாசன் அண்ணனிடம் போனேன். "போன தடவை என்ன மாத்திரை குடுத்தேன்மா, வெள்ளையா மஞ்சளா?" என்று கேட்டார். ஞாபகம் இல்லை. போன தடவை எப்போது வந்தது என்பதும் ஞாபகம் இல்லை. பொங்கலுக்கு முன்னாலா, பின்னாலா? அவராகவே யோசித்து மஞ்சளைக் கொடுத்தார்.

இனிமேல் எழுதி வைத்தால் கேட்பவர்களுக்குச் சொல்லலாம். இன்சூரன்ஸ்காரர் கொடுத்த டைரி சும்மாதான் கிடக்கிறது.

பிப்ரவரி 11

எரிச்சல் போய்விட்டது. மீதி மாத்திரையை பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த தடவைக்கு ஆகும்.

காலையில் இரண்டு புதுப் பொம்பளைகள் சேர்ந்திருக்கிறார்கள். பொன்ராஜ் அண்ணாச்சி டிரைவிங் ஸ்கூலில் பொம்பளைகள் எல்லோரும் என் கணக்குதான். "அமலி மேடம் இருந்தா வாரோம்" என்று சொல்லித்தான் சேருகிறார்கள். அண்ணாச்சிக்கு அதில் சந்தோஷம். ஆனால் ஆபீஸ் என்பது ஒரு மேசை, ஒரு ஃபேன், ஒரு போர்டு. கக்கூஸ் கிடையாது. ஆம்பளை மாஸ்டர்களுக்குத் தூத்துக்குடி பூராவும் சுவர் இருக்கிறது. நான் காலையில் வீட்டில் போனால் மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துதான் போகிறேன். அதனால் தண்ணீர் பாட்டில் எடுத்துப் போவதில்லை. இத்தனை வருஷமாக இப்படித்தான்.

பிப்ரவரி 14

நேற்று ஹாலில் படுத்துக்கொண்டேன். அறையில் ஃபேன் சத்தம் போடுகிறது.

பிப்ரவரி 15

இவர் ஃபேனைக் கழற்றி, துடைத்து, கிரீஸ் போட்டு மாட்டிவிட்டார். கப்பலில் இன்ஜின் ரூமில் எண்ணெய் போடுகிற வேலை பார்த்தவருக்கு ஒரு ஃபேன் பெரிய காரியமா? இப்போது சத்தமே இல்லை.

நான் ஹாலில்தான் படுத்தேன். இடுப்பு வலிக்குத் தரைதான் நல்லது.

பிப்ரவரி 18

சாம்பல் புதன். காலைப் பூசைக்கு இரண்டு பேரும் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தோம். தவக்காலம் தொடங்கிவிட்டது. கவிச்சி கிடையாது, மற்றதும் கிடையாது என்று இவரிடம் சொன்னேன். "சரி" என்றார். ஈஸ்டர் வரைக்கும் பேச்சு இல்லை. நல்லதாய்ப் போயிற்று.

பிப்ரவரி 22

ஞாயிறு. எழுத ஒன்றும் இல்லை, எரிச்சலும் இல்லை. இவரைப் பற்றி எழுதலாம்.

பதினேழு வருஷம் கப்பலில் இருந்தார். ஒன்பது மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. வருகிறபோது வீடு கல்யாண வீடு மாதிரி இருக்கும். மகள் ஷைனிக்குச் சாக்லேட், எனக்கு சென்ட், பக்கத்து வீடுகளுக்குச் சோப்பு. அந்த லீவுகளிலும் எனக்கு ஒரு தடவை, இரண்டு தடவை எரிச்சல் வந்ததுண்டு. அப்போதெல்லாம் ஒரே மாத்திரையில் போய்விடும். கிறிஸ்துமஸுக்கு வந்தவரைக் கம்பெனி டாக்டர் பிரஷர் அதிகம் என்று கப்பலுக்கு ஃபிட் என்று எழுதிக் கொடுக்கவில்லை. இனிமேல் இங்கேதான்.

ஷைனி கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் படிக்கிறாள். நான் வேலைக்குப் போய்விடுகிறேன். இவருக்கு வீட்டில் எந்த நாற்காலியில் உட்காருவது என்று தெரியவில்லை. ஒன்றில் உட்காருகிறார், எழுந்து இன்னொன்றில் உட்காருகிறார். சாயங்காலம் துறைமுக ரோடு வரைக்கும் நடந்து போய் வருகிறார். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், "நிலக்கரிக் கப்பல் ஒண்ணு நிக்கி" என்கிறார்.

மார்ச் 3

பிலோமி மைனி வந்தார்கள். இவருடைய அக்கா. கருவாட்டுக் குழம்பு கொண்டு வந்துவிட்டு, தவக்காலம் என்று ஞாபகம் வந்து திரும்ப எடுத்துப் போனார்கள்.

நான் அடிக்கடி மெடிக்கலுக்குப் போவது அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. இவர் மாடியில் இருந்தார். அடுப்படியில் வைத்து மெதுவாகச் சொன்னார்கள்: "ஏ அமலி, என் தம்பிதான், நான் கொறையாச் சொல்லல. ஆனா ஊர் ஊரா எறங்கி ஏறுன ஆம்பளை. நீ பெரிய டாக்டரா பாத்து எல்லாத்தையும் டெஸ்ட் பண்ணிக்க. எங்கூட படிச்சவ ஒருத்தி இப்படித்தான் தெரியாமலே கெடந்தா."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல மைனி, சூடு" என்று சொன்னேன்.

மார்ச் 4

நல்ல வெயில். துணி எல்லாம் துவைத்தேன். இவர் துண்டு, பனியன், லுங்கி தனி வாளி. டெட்டால் போட்டேன். குளியலறையையும் பினாயில் ஊற்றித் தேய்த்துக் கழுவினேன். வெயில் அடிக்கிறபோதுதான் இதெல்லாம் செய்ய முடியும்.

சோப்பும் இரண்டாக வாங்கி வந்திருக்கிறேன். ஒன்று சீக்கிரம் கரைகிறது.

மார்ச் 10

மரகதம் டீச்சருக்கு இன்றும் கியர் மாறவில்லை. அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர், ஐம்பத்து மூன்று வயது. வீட்டுக்காரர் போன பிறகு கார் சும்மா நிற்கிறது என்று படிக்க வந்தார். டெஸ்டில் இரண்டு தடவை ஃபெயில். லாரியைப் பார்த்தால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கையைக் கூப்பிவிடுகிறார். என் பக்கம் பிரேக் இருப்பதால் உயிரோடு இருக்கிறோம்.

திருச்செந்தூர் ரோட்டில் போகும்போது, "மேடம், தப்பா நினைக்காதீங்க, எனக்குச் சுகர், அவசரமா போகணும்" என்றார். பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். லேடீஸ் டாய்லெட்டுக்குப் பூட்டு. சாவி மேனேஜரிடம். மேனேஜர் சாப்பிடப் போயிருக்கிறார். பம்பில் நின்ற பையன், "அது யாரும் யூஸ் பண்றதில்ல மேடம்" என்றான்.

டீச்சர் அவனைப் பார்த்து, "பூட்டி வச்சா எப்படிப்பா யூஸ் பண்ணுவாங்க?" என்று வகுப்பில் கேட்கிற மாதிரி கேட்டார். அவன் ஓடிப்போய்ச் சாவியோடு வந்தான். டீச்சர் வந்ததும் நானும் போனேன். உள்ளே டயரும் ஆயில் டின்னும் அடுக்கியிருந்தது.

அந்தப் பொம்பளைக்குக் கியர் மாற்றத்தான் பயம். வேறு எதற்கும் இல்லை.

மார்ச் 14

வந்துவிட்டது. தவக்காலத்திலும் வந்துவிட்டது.

டப்பாவில் இருந்த மஞ்சளைப் போட்டேன்.

மார்ச் 17

மஞ்சள் கேட்கவில்லை. தாசன் அண்ணன் வேறு ஒன்று கொடுத்தார். "இது கொஞ்சம் பவர் ஜாஸ்திம்மா. ரெண்டு நாள் போதும்."

இவர் தினமும் இளநீர் வாங்கி வருகிறார். சூடு என்று சொல்லியிருக்கிறேன். கப்பலில் கற்றுக்கொண்டது போல, இளநீரைச் சிந்தாமல் ஒரே வெட்டில் திறக்கிறார். நான் குடிக்கிற வரைக்கும் பக்கத்தில் நிற்கிறார்.

மார்ச் 20

பவர் ஜாஸ்தியும் கேட்கவில்லை. சொட்டுச் சொட்டாகப் போகிறது, கண்ணாடித் துண்டு போகிற மாதிரி. வண்டியில் உட்கார முடியவில்லை. நாளைக்குப் பெரிய டாக்டரிடம் போகிறேன். இவரிடம் ஆர்டிஓ ஆபீஸ் என்று சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 21

டாக்டர் வைஜயந்தி. என் வயதுதான் இருக்கும். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

"இதுக்கு முன்னாடி என்னென்ன மாத்திரை எடுத்தீங்க?"

"ரெண்டு மூணு தடவை ஏதோ மெடிக்கல்ல குடுத்தாங்க."

"ரெண்டா, மூணா?"

நான் டைரியைப் பார்த்து, அதில் எழுதாத பழைய தடவைகளையும் சேர்த்துச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் எத்தனை நாள் போட்டேன் என்று கேட்டார். எரிச்சல் போகிற வரைக்கும் என்றேன். எழுதிக்கொண்டார்.

யூரின் கல்ச்சர் என்று ஒரு டெஸ்ட். சின்ன டப்பா கொடுத்தார்கள். முதலில் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் பிடிக்க வேண்டும். கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்ப்பார்களாம். அதற்குச் சில நாள் ஆகும். வேறு டெஸ்டும் எடுக்கணுமா என்று கேட்க நினைத்தேன். பக்கத்தில் நர்ஸ் நின்றாள். கேட்கவில்லை.

மார்ச் 25

ரிப்போர்ட் வந்தது. மருந்துப் பெயர்களுக்கு எதிரே ஆர், ஆர், ஆர் என்று போட்டிருக்கிறது. ஆர் என்றால் அந்த மருந்து கேட்காது என்று அர்த்தம். கடைசியில் இருக்கிற கொஞ்சத்துக்குத்தான் எஸ். அது எல்லாம் ஊசி.

"வாய்வழியா எடுக்கற மாத்திரை எதுவும் உங்களுக்கு இப்ப வேலை செய்யாது" என்றார் டாக்டர். "ஒவ்வொரு தடவையும் மாத்திரை போடறப்ப அதுக்குச் சாகற கிருமி செத்துடும். சாகாதது மிச்சம் இருந்து பெருகும். நீங்க பாதியில நிறுத்தினீங்க, அப்புறம் வேற மாத்திரை. இப்ப உள்ள இருக்கறது எல்லாத்தையும் தாண்டி வந்த கூட்டம்."

"எனக்கு மட்டுமா டாக்டர் இப்படி?"

"இன்னிக்குக் காலையில நீங்க மூணாவது ஆள்."

நரம்பில் ஏற்றுகிற ஊசி. தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்து போட்டுக்கொள்ள வேண்டும், ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். உடனே தொடங்கணும் என்றார்.

தினமும் போனால் வீட்டில் சொல்லியாக வேண்டும். ஈஸ்டர் முடியட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். "காய்ச்சல், நடுக்கம், முதுகுல வலி, இதுல எது வந்தாலும் அந்த நிமிஷமே வரணும். கிட்னிக்கு ஏறினா விளையாட்டு இல்ல" என்றார்.

மார்ச் 30

தண்ணீர் நிறையக் குடிக்கிறேன். எரிச்சல் குறைந்திருக்கிறது. தானாகவே போய்விடும் போல.

ஏப்ரல் 5

ஈஸ்டர். ஷைனி வந்திருக்கிறாள். இவர் ஆட்டுக்கறி வாங்கிவந்து தானே சமைத்தார். கப்பலில் கோவாக்காரர் ஒருவரிடம் பழகியதாம், வினிகர் போட்டுச் செய்தார். ஷைனி தட்டை வழித்துச் சாப்பிட்டாள். "அப்பா, நீங்க ஓட்டல் வைங்க" என்றாள். இவர் சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

ஷைனி என் அறையில் படுக்கட்டும் என்று சொன்னேன். அவளோடு நானும்.

ஏப்ரல் 8

ஷைனி போய்விட்டாள்.

இவர் ஒன்றும் கேட்கவில்லை. தவக்காலம் முடிந்தது என்றும் சொல்லவில்லை. தலையணையை எடுத்துக்கொண்டு போய் ஹாலில் இவரே படுத்துவிட்டார். "நீ உள்ள படு. தரையில படுத்தா உனக்குத்தான் இடுப்பு வலி கூடும்" என்றார்.

ஃபேன் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. தூக்கம் வரவில்லை. வெக்கை.

ஏப்ரல் 13

கோடை லீவு பேட்ச். வண்டி ஓயவில்லை. ஒரு வாரமாகத் தண்ணீர் பாட்டில் வீட்டிலேயே இருக்கிறது. ஊசிக்கு இந்த பேட்ச் முடிந்ததும் போய்க்கொள்ளலாம்.

ஏப்ரல் 14

முதுகில் வலப்பக்கம் வலி. சீட் சரியில்லை, அண்ணாச்சியிடம் சொல்லவேண்டும்.

ஏப்ரல் 20

ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன். ஊசி இடது கையில்தான் குத்தியிருக்கிறது. டைரியை இவர் கொண்டுவந்து கொடுத்தார். பிரித்துப் பார்க்கவில்லை. அது எனக்குத் தெரியும்.

நடந்தது பதினாறாம் தேதி. மரகதம் டீச்சருக்குக் கிளாஸ். துறைமுக ரோட்டில் ஆள் இல்லாத இடத்தில் ரிவர்ஸ் பழக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று குளிர ஆரம்பித்தது. ஏப்ரல் வெயிலில் பல் அடித்துக்கொள்கிற குளிர். கை கால் எல்லாம் உதறியது. ஏசியை நிறுத்தச் சொன்னேன். டீச்சர், "ஏசி போடவே இல்ல மேடம்" என்றார். அதன் பிறகு பிரேக்கில் இருந்த என் கால் என் சொல்லைக் கேட்கவில்லை.

டீச்சர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். எனக்குப் போன் பிடிக்கக் கை வரவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுப் பார்த்தார், வர நேரமாகும் என்றார்கள். ரோட்டில் கை காட்டினார், லாரிகள்தான் போயின, ஒன்றும் நிற்கவில்லை.

"மேடம், நான் ஓட்டுறேன். உங்க பக்கத்து பிரேக்கை நீங்க தொட வேண்டாம்" என்றார்.

"டீச்சர், பழைய பஸ் ஸ்டாண்ட் வழியா போகணும்."

"தெரியும். எந்த ஆஸ்பத்திரின்னு மட்டும் சொல்லுங்க."

முதல் கியரிலேயே ரொம்ப தூரம் போனார். வண்டி கத்தியது. "ரெண்டாவது" என்று சொன்னேன். மாற்றினார். பின்னால் லாரி ஹாரன் அடித்தது. டீச்சர் கையைக் கூப்பவில்லை. கண்ணாடியை இறக்கி, "எல் போர்டு போட்டிருக்கு, தெரியலையாய்யா?" என்று கத்தினார். பஸ் ஸ்டாண்ட் முக்கில் ஒரு தடவை ஆஃப் ஆகி நின்றது. திரும்ப ஸ்டார்ட் பண்ணி, ஹாஃப் கிளட்சில் நகர்த்தி, சரியாகக் கிளப்பினார். எனக்குக் கண் மூடி மூடிப் போனது. ஆனாலும் அந்த ஹாஃப் கிளட்ச் நன்றாக இருந்தது என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் படி மேல் முன் சக்கரம் ஏறித்தான் நின்றது.

கிட்னிக்கு ஏறியிருக்கிறது. ரத்தத்திலும் கலந்திருக்கிறது. இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் பிரஷர் இறங்கிப் போயிருக்கும் என்று டாக்டர் வைஜயந்தி சொன்னார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 21

காய்ச்சல் இறங்கியது. கஞ்சி குடித்தேன். இன்று நடந்ததை எழுதவேண்டும்.

மத்தியானம் இவர் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். உரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அமலி, நான் போன மாசமே ரத்தம் குடுத்து எல்லா டெஸ்டும் பாத்துட்டேன். எச்ஐவி, வி.டி.ஆர்.எல்., எல்லாம். ஒண்ணும் இல்ல."

"எதுக்குப் பாத்திய?"

"நீ என் துண்டைத் தனியா தொவைச்சேல்லா."

நான் டிரிப்ஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் சொட்டு விழுவது நன்றாகத் தெரிகிறது.

"டெட்டால் வாசம் வந்திச்சு. மொதல்ல எனக்கு வெளங்கல. பெறவு சோப்பும் ரெண்டு ஆச்சு. நான் ஒரு தப்பும் பண்ணல அமலி. பதினேழு வருஷத்துல ஒரு தடவகூட இல்ல. இருந்தாலும், நமக்கே தெரியாம ஊசிலயோ, முடி வெட்டுற கத்திலயோ வந்திருக்கலாம்னு நெனச்சேன். அதான் பாத்தேன்."

"என்னிட்ட கேட்டிருக்கலாம்லா."

"நீயும்தான் கேட்டிருக்கலாம்."

அப்போது டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். இவர் ஆரஞ்சோடு எழுந்து நின்று, பக்கத்துக் கட்டில் ஆட்கள் கேட்கிறார்களே என்று பார்க்காமல், "டாக்டர், இவளுக்கு இது என்னாலயா வருது?" என்று கேட்டுவிட்டார். பக்கத்துக் கட்டில் அம்மாவின் மருமகள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் ஃபைலை மூடினார். "உக்காருங்க. நீங்க வெளியில இருந்து கொண்டுவந்த நோய் இல்ல இது. அவங்க குடல்லயே இருக்கற கிருமி. உங்க குடல்லயும் இருக்கு, என் குடல்லயும் இருக்கு. பொம்பளைங்களுக்கு மூத்திரப் பாதை குட்டையா இருக்கறதால சுலபமா மேல ஏறிடும். தண்ணி குடிக்காம, அடக்கி அடக்கி வச்சா அங்கயே தங்கும். அவங்க வேலை அப்படி."

"அப்ப..." என்று இவர் இழுத்தார்.

"புருஷன் பொண்டாட்டி சேர்றப்பவும் அந்தக் கிருமி உள்ள தள்ளப்படும். சில பேருக்கு அதனால அடிக்கடி வரும். அது உண்மை. ஆனா நீங்க நோய் குடுத்தீங்கன்னு அர்த்தம் இல்ல. சேரக்கூடாதுன்னும் அர்த்தம் இல்ல. முடிஞ்சதும் எழுந்து போய் யூரின் போயிட்டு வரணும். தண்ணி குடிக்கணும். எரிச்சல் வந்தா மெடிக்கலுக்குப் போகாம டெஸ்டுக்கு வரணும். அவ்வளவுதான்."

டாக்டர் போன பிறகு இவர் ஆரஞ்சுச் சுளையை ஒவ்வொன்றாகக் கொட்டை எடுத்துக் கொடுத்தார். கொட்டையை ஆஸ்பத்திரித் தட்டில் போடாமல் சட்டைப் பைக்குள் போட்டார். ஏன் என்று கேட்டேன். "தெரியல" என்றார்.

ஏப்ரல் 27

வீட்டுக்கு வந்தாயிற்று. ஊசி போடப் போய் வர வேண்டும், இவர் ஆட்டோ பிடித்துக் கூட்டிப் போகிறார்.

பிலோமி மைனி பார்க்க வந்தார்கள். நான் பேசுவதற்குள் இவர், "அக்கா, அவளுக்குக் கிட்னியில கிருமி. அவ ஒடம்புலயே உள்ளதுதான். நான் டெஸ்ட் எடுத்திட்டேன், எனக்கு ஒண்ணும் கெடையாது" என்று வெயில் அடிக்கிறது என்பது போலச் சொன்னார். மைனி காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்கள். ஆறிய பிறகுதான் குடித்தார்கள்.

மே 6

ஊசி முடிந்தது. டெஸ்ட் சுத்தம்.

துணிகளை ஒரே வாளியில் ஊற வைத்தேன்.

மே 11

வேலைக்குப் போனேன். முதல் காரியமாக அண்ணாச்சியிடம், "அண்ணாச்சி, யூரின் போறதுக்கு இடம் வேணும். இல்லைன்னா எனக்கு இங்க வேலை செய்ய முடியாது" என்று சொன்னேன். இந்த வார்த்தையை ஒரு பொம்பளை வாயால் கேட்டது அவருக்கு முதல் தடவை என்று நினைக்கிறேன். காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பின்னாடி எல் போர்டு ஸ்டிக்கர் எல்லாம் போட்டு வச்சிருக்கற ரூம்ல முன்னாடி ஒண்ணு இருந்திச்சு. தண்ணி லைன் விட்டாப் போதும். பாக்கேன்மா" என்றார்.

கிளாஸில் பாட்டில் வைத்திருக்கிறேன். அவசரம் வந்தால் வண்டியை நிறுத்துகிறேன். எந்தப் பங்கில் சாவி கிடைக்கும், எதில் கிடைக்காது என்று இப்போது எனக்குத் தெரியும். கற்றுக்கொள்ள வருகிறவர்களிடமும் முதல் நாளே, "போகணும்னா சொல்லுங்க, அடக்காதீங்க" என்று சொல்லிவிடுகிறேன். சிரிக்கிறார்கள். பிறகு நிறுத்தச் சொல்கிறார்கள்.

மே 29

மரகதம் டீச்சர் டெஸ்டில் பாஸ். ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். "பஸ் ஸ்டாண்ட் முக்கைத் தாண்டினதுக்கு அப்புறம் இந்த டெஸ்ட் மைதானம் என்ன மேடம்" என்றார்.

ஜூன் 14

இவர் அறையில்தான் படுக்கிறார். இதை டாக்டர் கேட்க மாட்டார். சும்மா எழுதி வைக்கிறேன்.

ஜூன் 30

எரிச்சல் இல்லை. எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 12

மும்பையில் இருந்து ஏஜெண்ட் போன் பண்ணினார். இவருக்கு இப்போது பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது. வேறு கம்பெனி, வேறு கப்பல், ஒன்பது மாதம். பதில் உடனே சொல்லவேண்டுமாம்.

போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்து இன்னொன்றில் உட்கார்ந்தார். நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார்.

"ஒங்க இஷ்டம். கடல் வேலைதான் ஒங்களுக்குப் பிடிக்கும்."

"நான் போனா ஒனக்கு ஒடம்பு நல்லா இருக்கும் அமலி. டாக்டரே சொன்னாங்கல்லா. நான் இல்லாதப்ப ஒனக்கு வந்ததே இல்ல."

அவர் அதை வருத்தமாகச் சொல்லவில்லை. இன்ஜினில் எந்த நட்டைக் கழற்றினால் சத்தம் நிற்கும் என்று சொல்கிற மாதிரி சொன்னார். யோசித்து வைத்திருக்கிறார். ஊசி போட்ட நாளிலிருந்தே யோசித்திருப்பார்.

கத்தியைக் கீழே வைத்தேன். இந்தப் பேச்சை நான் தயார் பண்ணி வைக்கவில்லை.

"பதினேழு வருஷம் ஒடம்பு நல்லாத்தான் இருந்திச்சு" என்றேன். "ஒடம்பு மட்டும்."

இவர் என்னைப் பார்த்தார்.

"போக வேண்டாம்" என்று சொன்னேன். "எரிஞ்சா எரியட்டும், பாத்துக்கிடலாம். போக வேண்டாம்."

கல்யாணமான நாளில் இருந்து இவரிடம் நான் இதைச் சொன்னதே இல்லை. ஒவ்வொரு தடவையும் பெட்டி கட்டிக் கொடுத்து, ஊறுகாய் பாட்டிலை பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்து, ஸ்டேஷனில் கை காட்டியிருக்கிறேன். சொன்னால் நின்றிருப்பாரா என்று இப்போது யோசிப்பதில் அர்த்தமில்லை.

வெண்டைக்காய் வழுவழுவென்று கையில் ஒட்டியது. கழுவப் போனேன். திரும்பி வருகிறபோது மீதியை இவர் நறுக்கிக்கொண்டிருந்தார், என்னைவிடப் பொடியாக.

ஜூலை 14

ஏஜெண்டுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார். துறைமுகத்தில் இழுவைப் படகு ஒன்றில் பகல் டூட்டிக்கு ஆள் கேட்கிறார்களாம், விசாரிக்கப் போயிருக்கிறார்.

ஆகஸ்ட் 5

மாதா கோயில் திருவிழா. கூட்டம். தண்ணீர் நிறையக் குடித்தேன், வரிசையில் நின்று டாய்லெட்டும் போனேன். இவர் பை பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். முன்பென்றால் வெட்கப்பட்டிருப்போம்.

ஆகஸ்ட் 8

காலையில் எழுந்ததும் தெரிந்துவிட்டது. எரிச்சல். டாக்டர் சொன்னதெல்லாம் செய்தேன். தண்ணீர் குடித்தேன், எழுந்து போனேன். ஆனாலும் வந்துவிட்டது. அடுப்படியில் இவர் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். படகு வேலை தொடங்கி ஒரு வாரம் ஆகிறது.

"எரியுது" என்று சொன்னேன்.

இவர் முகம் சுருங்கிவிட்டது. டப்பாவை அப்படியே வைத்தார். "நான் கப்பலுக்கே போயிருக்கணும்" என்றார்.

"பேசாம செருப்பைப் போடுங்க. லேப் ஏழு மணிக்குத் தொறந்திருவான்."

மாத்திரை எதுவும் போடவில்லை. லேபில் டப்பாவைக் கொடுத்துவிட்டு, டாக்டருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். காய்ச்சல் இல்லைதானே என்று கேட்டார். இல்லை. ரிப்போர்ட் வருகிற வரைக்கும் தண்ணீர், காய்ச்சல் வந்தால் நேராக ஆஸ்பத்திரி. இனிமேலும் வரும், ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் பார்க்கவேண்டும் என்றார். சரி என்றேன்.

ஆகஸ்ட் 11

ரிப்போர்ட்டில் ஆர்தான் நிறைய. ஆனால் ஒரு எஸ், ஊசி இல்லாதது. தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற பொடி, ஒரே தடவை. டாக்டருக்கே அதைப் பார்த்ததும் சந்தோஷம். "இதை வீணாக்காதீங்க, இது நமக்குக் கடைசியில இருக்கறதுல ஒண்ணு" என்றார்.

சாயங்காலம் பொடியைக் கரைத்தேன். ஆரஞ்சு நிறம். இவர் டூட்டி முடிந்து வந்து சட்டையில் எண்ணெயோடு பக்கத்தில் நின்றார். முழுக்கக் குடித்தேன். டம்ளரில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றி அலசி அதையும் குடித்தேன்.

"கசக்கா?" என்று கேட்டார்.

"இல்ல, நல்லாத்தான் இருக்கு" என்றேன்.